என் பெயருக்கு எதிரே நூறு

பாட்டு எழுதுகிறவர்களிடமிருந்து பாட்டை வாங்கி, சினிமாவுக்கும் சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் கொண்டு சேர்க்கிற இணையதளங்கள் இருக்கின்றன என்பது எழுபத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. அவற்றில் எது நல்லது, எது ஏமாற்று என்று தரம் பிரித்துப் பார்க்கச் சில மாதங்கள் செலவழித்தேன். அந்த மாதங்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் பாதி இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. விளங்கின பாதியையாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹைதராபாத்தில் குஷாய்குடாவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைச் சோதித்து, ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்யும் பிரிவு. என் மனைவியின் தம்பி லாலாகுடாவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தான். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள். இங்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. செகந்திராபாத்தில் ஒரே கோயிலுக்குப் போகிறோம். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை.

முப்பது வருடமாக அந்தக் கோயிலுக்கு நானும் அவனும் சேர்ந்து பாட்டு செய்து வந்தோம். சொல் என்னுடையது, மெட்டு அவனுடையது. கிறிஸ்துமஸுக்கு முன்பு கொயர் என்கிற பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும்போது வருடத்துக்கு இரண்டு புதுப் பாட்டாவது எங்களுடையது இருக்கும். பாட்டுத் தாளை நகல் எடுத்துக் கொடுப்பார்கள். தாளின் அடியில் என் பெயரின் முதலெழுத்து இருக்கும். மெட்டுப் போட்டவன் பெயர் இருக்காது. அது எங்கள் கோயில் வழக்கம். பாட்டு எழுதியவர் என்றால் சொல் எழுதியவர்தான். மெட்டு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது போல எல்லோரும் நடந்துகொள்வோம். என் மைத்துனனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அவனுக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. கேட்டு வாசிப்பான். பழைய கீபோர்டு ஒன்று வைத்திருக்கிறான். அதில் இரண்டு கட்டை அமுங்காது. அந்த இரண்டு ஸ்வரத்தைத் தவிர்த்தே மெட்டுப் போடப் பழகிவிட்டான் என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அவன் புதிதாக ஒன்றை முனகிக்கொண்டிருந்தான்.

"இது எந்தப் பண்டிகைக்கு மாப்ள?" என்று கேட்டேன்.

"எதுக்கும் இல்ல அத்தான். ஒர்க்‌ஷாப்ல இருந்து சைக்கிள்ல வருவேம்லா, அப்பம் வாயில வரும். ரொம்ப வருசமா இருக்கு. சொல்லு இல்லாத ட்யூன்."

"அப்பவே சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்லா."

"நீங்க எழுதுனா அதுல பெத்லகேம் வந்துரும்" என்றான். என் மனைவி அடுக்களையிலிருந்து சத்தமாகச் சிரித்தாள்.

அவனைக் கீபோர்டில் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டேன். பெத்லகேம் வராமல் சொல் எழுதினேன். ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவனைப் பற்றிய பாட்டு. அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் போனில் எதையோ தேடப் போய் அந்த இணையதளங்கள் கண்ணில் பட்டன. உங்கள் பாட்டை எங்களுக்கு அனுப்புங்கள், உலகம் கேட்கும் என்று ஒவ்வொன்றும் சொன்னது. இந்த மாதிரி வாக்குறுதியை நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். சரக்கு அனுப்புகிற ஒவ்வொரு கம்பெனியும் தன் ரெசிஸ்டரைவிட நல்ல ரெசிஸ்டர் கிடையாது என்றுதான் சொல்லும். அதனால் பழைய பழக்கப்படி ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். ஏழு தளங்கள். பாட்டைக் கேட்பது ஆளா இயந்திரமா, எத்தனை நாளில் பதில் வருகிறது, பதிலில் விஷயம் இருக்கிறதா, ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர வழி உண்டா, இதுவரை யாருடைய பாட்டை எங்கே கொண்டு சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவுதான் கேள்விகள். எளிது என்று நினைத்தேன்.

எளிதாக இல்லை. முதல் குழப்பம், ஒரு பாட்டு என்பது ஒரு பொருள் இல்லையாம், இரண்டு பொருளாம். மெட்டும் சொல்லும் சேர்ந்து ஒரு சொத்து. அதைப் பதிவு செய்த ஒலிப்பதிவு வேறு சொத்து. இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். இதை நான் நாலு இடத்தில் படித்தேன். படிக்கும்போது விளங்கும், தாளை மடித்து வைத்ததும் போய்விடும். இரண்டாவது குழப்பம், தனி உரிமை கொடுக்கிறீர்களா, பொது உரிமையா என்ற கேள்வி. இதை மைத்துனன் மகளிடம் கேட்டேன். அவள் ஐ.டி.யில் வேலை, கொண்டாப்பூரில் குடியிருக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் கூடவே இங்கிலீஷ், ஹைதராபாத் இந்தி எல்லாம் வந்து விழும்.

"ஸிம்பிள் மாமா. ஃபிளாட்ட வாடகைக்கு விடுறோம்ல? ஒரே புரோக்கர்கிட்ட மட்டும் சாவி குடுத்தா தனி உரிமை. பத்து புரோக்கர்கிட்ட குடுத்தா பொது. எதுக்கு கேக்குறீங்க, பாட்டு விக்கப் போறீங்களா?"

"சும்மா பாக்கேன்மா."

"பாருங்க பாருங்க. அவார்டு வாங்குறப்ப என்னைய மறக்க நக்கோ." நக்கோ என்றால் இந்த ஊர் இந்தியில் வேண்டாம், கூடாது.

தளங்களைச் சோதிக்க முதலில் எங்கள் பழைய பாட்டு ஒன்றை அனுப்பினேன். ஒரு தளத்தில் இருந்து, நல்ல உணர்வு, குரல் கொஞ்சம் முன்னால் நிற்கிறது, இப்போதைக்கு எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. வேறொரு பாட்டை அனுப்பினேன். எழுத்து மாறாமல் அதே பதில். தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவர் தூங்குகிறாரா என்று பார்க்க, நல்ல பாகங்களுக்கு நடுவே வேண்டுமென்றே பழுதான ஒன்றைக் கலந்து வைப்போம். அதே மாதிரி எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தத்தை மூன்று நிமிடம் பதிவு செய்து ஒரு தளத்துக்கு அனுப்பினேன். ஒலி இதமாக இருக்கிறது, பல்லவி இன்னும் சீக்கிரம் வரலாம் என்று கருத்துச் சொன்னார்கள். என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அந்த ஃபேனுக்கு எண்ணெய் போடச் சொல்லி நான் ஒரு வருசமாச் சொல்லுதேன். அவுங்களாவது நல்லாருக்குன்னு சொன்னாங்களே" என்றாள்.

இப்படி ஆறு தளங்களைக் கழித்தேன். மிஞ்சினது ஒன்று. அது என் இரண்டு பாட்டைத் திருப்பி அனுப்பியது; ஆனால் ஏன் என்று காரணம் சொன்னது. காரணமும் சரியாக இருந்தது. பக்திப் பாட்டுகளைத் தாங்கள் எடுப்பதில்லை என்றும், வீடு, பயணம், மாலை நேரம் போன்ற விஷயங்களில் ஏதாவது இருந்தால் அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள். விசிறிச் சத்தத்தை அவர்களுக்கும் அனுப்பியிருந்தேன். கோப்பைத் தவறாக இணைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது. தாளில் அந்தத் தளத்துக்கு எதிரே சிவப்பு மையில் 'ஏற்கலாம்' என்று எழுதினேன்.

செகந்திராபாத்தில் ஒரு சிறு ஸ்டுடியோவில் மைத்துனனின் சைக்கிள் மெட்டைக் கொடுத்தேன். கிட்டாரும் புல்லாங்குழலும் வைத்து, ஒரு பெண்ணைப் பாட வைத்துப் பதிவு செய்து தந்தார்கள். மைத்துனனிடம் சொல்லவில்லை. நல்ல பதில் வந்ததும் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது பொய்யில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தத் தளம் கேட்டுவிட்டு எழுதியது: மெட்டு பிடித்திருக்கிறது, சொல் தமிழில் இருப்பதால் கொண்டு சேர்க்கும் இடம் குறைவு, குரல் இல்லாத வடிவம் இருந்தால் அனுப்புங்கள். ஸ்டுடியோக்காரரிடம் வாங்கி அனுப்பினேன். எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. கூடவே நிரப்ப வேண்டிய படிவம்.

படிவத்தில் ஒரு பக்கம் முழுக்க இதுதான்: இந்தப் பாட்டை உருவாக்கிய எல்லோருடைய பெயரையும் எழுதுக. மெட்டு அமைத்தவரும் இதில் அடங்குவார். ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு சதவீதம் என்று குறிப்பிடுக. ஒவ்வொருவரும் தங்கள் மின்னஞ்சல் வழியாகக் கையெழுத்திட வேண்டும்.

மைத்துனனுக்கு மின்னஞ்சல் கிடையாது. அவன் மகளிடம் சொல்லி ஒன்று ஏற்படுத்தப் பத்து நிமிடம் போதும். எனக்குத் தெரியும். ஆனால் நான் முதல் வரியில் என் பெயரைத் தட்டி, அதற்கு எதிரே நூறு என்று போட்டேன். கை தானாகப் போனது. பாட்டுத் தாளின் அடியில் முப்பது வருடமாக ஒரு பெயர்தானே இருந்தது என்று நான் பிறகு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. அது செல்லாது. மெட்டு அமைத்தவரும் அடங்குவார் என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். படிவத்தில் ஒரு வரியும் விடாமல் படிப்பது என் தொழில்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. அதை நான் அன்று யோசிக்கவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் யோசிக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட அந்த வடிவத்தில் சொல்லே இல்லை. நான் எழுதின ஓர் எழுத்துகூட அதில் இல்லை.

சில வாரம் கழித்து, தங்கள் பட்டியலுக்காக ஓர் ஆங்கிலத் தலைப்பு வைத்திருப்பதாக அவர்கள் எழுதினார்கள். 'ஸ்லோ ரிவர்', மெல்ல ஓடும் ஆறு. ஆறு எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை, அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த சில மாதத்தில் மைத்துனன் மகள் கொண்டாப்பூரிலேயே சொந்தமாக ஃபிளாட் வாங்கி, ஐயரை அழைத்து வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தாள். ஐயர் என்றால் எங்களுக்குப் பாதிரியார். ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கேட்கவே, மைத்துனன் கீபோர்டில் அந்தச் சைக்கிள் மெட்டை வாசித்தான். மகள் வீடியோ எடுத்து, ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்க இணையத்தில் ஏற்றினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கையில் போன்.

"மாமா, இத கொஞ்சம் பாருங்க. அப்பா வாசிச்ச வீடியோல சவுண்ட கட் பண்ணிட்டாங்க. இந்த மியூசிக் வேற யாருக்கோ சொந்தம்னு வருது. ஸ்லோ ரிவராம்."

அதில் ஓர் இணைப்பு இருந்தது. அழுத்தினாள். கிட்டார் கேட்டது. பிறகு புல்லாங்குழல். என் மனைவி சாதத்தைப் பரிமாறிக்கொண்டே, "ஏல தம்பி, ஒன் பாட்டுல்லா இது!" என்றாள்.

மைத்துனன் போனைக் காதருகே வைத்து முழுக்கக் கேட்டான். திரும்பவும் கேட்டான்.

"அதேதான்" என்றான். "வளைவு நெளிவு எல்லாம் அதேதான்."

"மாமா, நீங்க இந்த மாதிரி சைட்டெல்லாம் பாத்தீங்கள்ல? இது எந்தக் கம்பெனி, தெரியுமா?" என்று அவள் என்னிடம் திரையைக் காட்டினாள்.

அதில் இருந்த கம்பெனிப் பெயரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இந்தத் தளங்கள் உரிமை கோரும் வேலையை வேறு ஒரு கம்பெனியிடம் விட்டிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. "தெரியலியேம்மா" என்றேன். பெயர் தெரியாது என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல் நாலு ஸ்வரத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மைத்துனன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "அப்பம் நாந்தான் எங்கயோ கேட்டிருக்கேன்" என்றான். "ஒர்க்‌ஷாப்ல ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும்லா. அதுல வந்திருக்கும். எனக்குத் தெரியாமலே மனசுல தங்கியிருக்கும். நான் என்னமோ நானே போட்டதா நெனச்சுக்கிட்டு..."

"அப்பா, டென்ஷன் ஆக நக்கோ. இதெல்லாம் கம்ப்யூட்டர் பண்றது. தப்பாவும் வரும்."

"தப்பு எங்கட்டி இருக்கு? நீயே கேட்டேல்லா. அதேதான்."

அந்த நிமிடமே வாயைத் திறந்திருந்தால் ஒரு சங்கடத்தோடு போயிருக்கும். திறக்கவில்லை. முதலில் அந்தத் தளத்துக்கு எழுதி, பெயரைச் சரி செய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று தோன்றியது. அன்று மாலை படிவத்தைத் திறந்தேன். பெயரை மாற்ற வேண்டுமானால் முதலில் கொடுத்த தகவல் ஏன் தவறு என்று எழுத வேண்டுமாம். எழுதத் தொடங்கினேன். மறதியால் என்று எழுதி அழித்தேன். வழக்கம் காரணமாக என்று எழுதி அழித்தேன். பிறகு மூடிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மைத்துனன் ஒரு பழைய நோட்டோடு வந்தான். எங்கள் பாட்டுத் தாள்களையெல்லாம் வருட வாரியாக அதில் ஒட்டி வைத்திருந்தான். நான்கூட அப்படி வைத்திருக்கவில்லை.

"அத்தான், ஒரு ஒதவி. நீங்க இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவங்க. கம்ப்யூட்டர்லயும் இதெல்லாம் பாத்துருக்கீங்க. இதுல இருக்க ட்யூன் ஒவ்வொண்ணையும் செக் பண்ணிச் சொல்லுங்க. எது எங்கயோ இருந்து வந்தது, எது நம்மது. தெரிஞ்சா அடிச்சிருவோம்."

"என்ன மாப்ள, ஒண்ணு அப்படி ஆச்சுன்னா எல்லாமா..."

"ஒண்ணு எனக்குத் தெரியாமலே வந்திருக்குன்னா மத்தது எப்படி வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? கொயர் மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன். இந்த வருசம் என் ட்யூன் எதுவும் எடுக்க வேண்டாம்னு. தேவ சமூகத்துல திருட்டுச் சரக்க வச்சுப் பாடக் கூடாதுல்லா."

நான் நோட்டை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. சரி, பார்க்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் அந்த நோட்டு என் மேஜையில் இருந்தது. நான் சில சமயம் அதைத் திறந்து, உண்மையாகவே பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதைத் தேடிப் பார்த்தேன் என்று கேட்டால் பதில் தெரியாது. ஏதாவது ஒன்று வேறு எங்கிருந்தோ வந்ததாக இருந்தால் என் பாரம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாம் அவனுடையதுதான்.

அந்த மூன்று மாதமும் அவன் ஞாயிறு தோறும் வந்தான், சாப்பிட்டான், "ஆச்சா அத்தான்?" என்று கேட்டான். "பாதி ஆச்சு" என்றேன். முனகுவதை நிறுத்தியிருந்தான். அவன் முனகாமல் சும்மா உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கீபோர்டை மேலே பரணில் ஏற்றிவிட்டதாக ஒரு நாள் சொன்னான்.

கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கிற அறிவிப்பைப் படித்த ஞாயிறு, நான் திரும்பிப் பார்த்தேன். வழக்கமாகக் கையைத் தூக்குகிற முதல் ஆள் அவன்தான். அன்று பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் பிற்பகல் பஸ் பிடித்து லாலாகுடாவுக்குப் போனேன். அவன் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன்.

"மாப்ள, அந்த ட்யூன் ஒன்னோடதுதான். நாந்தான் ஸ்டுடியோல குடுத்துப் பதிவு செஞ்சு அந்தக் கம்பெனிக்கு அனுப்புனேன். எம் பேரப் போட்டு அனுப்புனேன்."

அவன் பேப்பரைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டான்.

"உக்காருங்க அத்தான். எனக்காவப் பொய் சொல்ல வேண்டாம்."

"பொய் இல்ல மாப்ள."

"அக்கா சொல்லி அனுப்பினாளா? நான் சரியாச் சாப்பிட மாட்டேங்கேன்னு அவளுக்கு ஒரே கவல. அதுக்காவ நீங்க போயி திருட்டுப் பட்டத்தத் தலையில தூக்கி வச்சுக்கிடணுமா? நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. திட்டுவான் என்று நினைத்திருந்தேன். ஸ்டுடியோ எங்கே இருக்கிறது, யார் கிட்டார் வாசித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் இரக்கம்தான் கூடியது. "எவ்வளவு ரோசன பண்ணிருக்கீங்க" என்றான். டீ போட்டுக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

வேறு வழி தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவனையும் மகளையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறந்து, என் கணக்கில் நுழைந்து, படிவத்தைக் காட்டினேன். எல்லாம் ஆங்கிலம். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான்; மகளைப் பார்த்தான்.

"நீ படிட்டி."

அவள் படித்தாள். தலைப்பு, ஸ்லோ ரிவர். பாட்டை உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். பங்கு, நூறு சதவீதம். வேறு எவரேனும் மெட்டு அமைப்பில் பங்கெடுத்தார்களா? இல்லை. அந்த 'இல்லை'யை நான் தனியாக ஒரு கட்டத்தில் குறித்திருந்தேன் என்பதை அப்போதுதான் நானே திரும்பப் பார்த்தேன். படித்து முடித்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பம் ட்யூன் நம்மதா?" என்றான் மைத்துனன்.

"உங்களுதுதான் அப்பா."

"ரேடியோல வரல?"

"எங்கயும் வரல. உங்களுது."

அவன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். சிரித்தான். நான் பார்த்தது சிரிப்புத்தான், தப்பாகச் சொல்லவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பக்கங்களைப் புரட்டினான். புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தி, என்னிடம் கேட்டான்.

"இத எங்கிட்ட இருந்து வாங்குனீங்கள்லா அத்தான், அன்னைக்கு ஒங்களுக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்."

"பாதி ஆச்சுன்னு சொன்னீங்களே, அப்பம்?"

"அப்பவும் தெரியும்."

அவன் நோட்டை மூடினான். என் மனைவிதான் சொன்னாள். "மூணு மாசமா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிச் சோறு தின்னீங்க? நானும் வேற அவன, மனசுக்குள்ள ஏதோ சீக்குன்னு டாக்டர்ட்ட போகச் சொல்லிட்டுக் கெடந்தேன்." அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அன்று சமையல் ஆகவில்லை.

படிவத்தை மைத்துனன் மகள்தான் உட்கார்ந்து திருத்தினாள். தகவல் ஏன் தவறு என்று கேட்ட இடத்தில், பொய் சொன்னேன் என்று போடச் சொன்னேன். அவள் அப்படியே போட்டாள். அந்தத் தளத்தார் ஒரு வாரத்தில் பதில் எழுதினார்கள். பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உரிமை கோரியதைத் திரும்பப் பெற்றார்கள். என் கணக்கை மூடினார்கள். மெட்டை அமைத்தவர் விரும்பினால் அவர் பெயரில் புதிதாக அனுப்பலாம், தங்களுக்கு அது பிடித்திருந்தது என்று கடைசியில் ஒரு வரி. ஏழு தளங்களில் நேர்மையானது அதுதான் என்று நான் போட்ட மதிப்பீடு சரியாகத்தான் இருந்தது. அதனிடம்தான் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன்.

மைத்துனனிடம் மகள் அதைப் படித்துக் காட்டியபோது, "என்னையவா கேக்காங்க?" என்றானாம். அனுப்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கொயர் மாஸ்டரிடம் போய் நடந்ததை நானே சொன்னேன். அவர், குடும்பத்துக்குள்ள நடந்தது, விடுங்க சார், என்றார். எதை விடுவது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மைத்துனன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறான். அத்தான் என்றுதான் கூப்பிடுகிறான். கேலி பேசுகிறான். மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று அக்காவிடம் சண்டை பிடிக்கிறான். ஒருமுறை நான் தயங்கித் தயங்கி, புதிதாக எழுதின பாட்டுத் தாள் ஒன்றை நீட்டி, இதற்கு ஏதாவது மெட்டு வருமா என்று கேட்டேன். "குடுங்க அத்தான், பாக்கலாம்" என்று வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. மன்னித்துவிட்டான் என்று ஒரு ஞாயிறு தோன்றும். மரியாதைக்குத்தான் வருகிறான் என்று மறு ஞாயிறு தோன்றும்.

போன வாரம் நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அவன் அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முனகல் சத்தம் கேட்டது. நான் இதுவரை கேட்டிராத மெட்டு. நன்றாக இருந்தது. இரண்டாவது அடி நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய் அடுக்களை நிலையில் நின்றேன். முனகல் நின்றது.

"என்ன அத்தான், தண்ணி வேணுமா?" என்று கேட்டான்.

மெட்டு அதோடு முடிந்துதான் போயிருந்ததா, என்னைப் பார்த்து நிறுத்தினானா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன்.